அடைக்கலம்

அடைக்கலம் என்பது தமிழில் மிகப் பழைய சொல். ஓர் உயிரை ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டு, இனி அதற்கு அச்சமில்லை என்று நம்பியிருத்தலை அது குறிக்கும். கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆயர் முதுமகளிடம் ஒப்படைத்த செய்தியைச் சொல்லும் பகுதிக்குச் சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என்றே பெயர். பருந்துக்கு அஞ்சி மடியில் வந்து விழுந்த புறாவைக் காக்கத் தன் உடலைத் தராசில் ஏற்றிய மன்னனின் கதையையும் நாம் இளமையிலேயே கேட்டிருக்கிறோம். அக்கதையில் என் மனத்தைக் கவர்ந்தது புறாவின் பங்கு அன்று, பருந்தின் பங்கே. பருந்தின் வழக்குப் பொய் வழக்கு அன்று. அதற்கும் பசி உண்டு. மன்னன் பருந்தைக் கல்லெறிந்து விரட்டவில்லை, புறாவை விட்டுக்கொடுக்கவுமில்லை. இரண்டுக்கும் நடுவே நின்று, விலையைத் தானே கொடுத்தான். அடைக்கலம் தருவதற்கு ஒரு விலை உண்டு என்பதை அக்கதை மறைக்காமல் சொல்கிறது.

இந்த விலையைக் கொடுப்பது யார் என்னும் வினா, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நூறாண்டுகளுக்கு மேலாக எழுந்து வந்திருக்கிறது. அங்கே ஊர்தோறும் வீடற்ற நாய்க்கும் பூனைக்கும் காப்பகங்கள் உள்ளன. பெயர் காப்பகம், ஆயினும் நெடுங்காலம் அவற்றுள் நுழைந்த விலங்குகளிற் பெரும்பாலானவை உயிரோடு வெளியே வந்ததில்லை. 1970-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், ஆண்டுதோறும் ஒரு கோடிக்கு மேற்பட்ட நாய்களும் பூனைகளும் அந்நாட்டுக் காப்பகங்களில் கொல்லப்பட்டன என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அவற்றுட் பல நோயற்றவை, மனிதரிடம் பழகியவை, கூப்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு வருபவை.

இது நமக்குச் சற்று விளங்காத செய்தியாகத் தோன்றலாம். நம் ஊர்களில் நாய், வீட்டுக்குரியதாக இல்லாவிட்டாலும் தெருவுக்குரியதாக இருக்கும். ஒரு வீட்டில் பழஞ்சோறு, மற்றொரு வீட்டுத் திண்ணையில் படுக்கை என்று அதன் வாழ்வு நடக்கும். அமெரிக்க நகரங்களில் தெருநாய் என்பதே அரிது. தெருவில் தனியே திரியும் நாய், யாரோ இழந்த உடைமை என்று கருதப்படும். நகராட்சி ஊழியர் அதைப் பிடித்துக் காப்பகத்தில் சேர்ப்பர். உரியவர் வந்து மீட்டுச் செல்வதற்கெனச் சில நாட்கள் வைத்திருப்பர். அந்நாட்கள் கழிந்தும் எவரும் வராவிட்டால், அந்த உயிர் யாருடையதும் அன்று. வளர்க்க விரும்புவோர் எவரேனும் எடுத்துச் செல்ல வேண்டும். இல்லையேல் அடுத்து வரும் விலங்குக்கு அந்தக் கூட்டை ஒழித்துக் கொடுக்க வேண்டும். ஒழித்துக் கொடுத்தல் என்றால் என்ன என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அந்நாட்டில் வாழும் என் மகளின் இல்லத்தில் மூன்று திங்கள் தங்கியிருந்தேன். அவளுடைய சிறுவன் பூனைக்குட்டி வேண்டுமென்று அடம்பிடித்தான். "விலைக்கு வாங்க வேண்டாம் அப்பா, காப்பகத்தில் ஒன்றை எடுத்து வருவோம். நீங்களும் வாருங்கள்" என்று என்னையும் அழைத்துச் சென்றாள். மருத்துவமனை போலத் தூய்மையான கட்டடம். இரு மருங்கிலும் கம்பிக் கூடுகள். ஒவ்வொரு கூட்டின் மேலும் ஓர் அட்டை தொங்கியது. பெயர், வயது, வந்த நாள், வந்த காரணம் ஆகியவை அதில் எழுதப்பட்டிருந்தன. நான் நாய்களைவிட அட்டைகளையே மிகுதியாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். "தெருவில் அகப்பட்டது" என்று சில அட்டைகள் கூறின. "வீடு மாறுகிறார்கள்" என்றது ஒன்று. "குழந்தை பிறந்திருக்கிறது" என்றது மற்றொன்று. மூலையில் இருந்த கூட்டில் முகம் நரைத்த கிழநாய் ஒன்று கதவுப் பக்கமாகவே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. அதன் அட்டையில் "உரியவர் இறந்துவிட்டார்" என்று எழுதியிருந்தது. குறும்பு செய்ததால் வந்த நாய் அங்கே மிகச் சிலவே. பெரும்பாலானவை மனிதர் வாழ்வில் நேர்ந்த மாறுதலால் வந்து சேர்ந்தவை.

இக்காப்பகங்களைத் தொடங்கியவர்கள் கொடியவர்கள் அல்லர் என்பதை நாம் முதலில் அறிய வேண்டும். ஹென்றி பெர்க் என்னும் செல்வர், இலிங்கன் குடியரசுத் தலைவராக இருந்த காலத்தில் இரஷ்யாவில் அமெரிக்கத் தூதரகத்தில் பணியாற்றியவர். வண்டிக்காரர் குதிரைகளை அடிப்பதைக் கண்டு மனம் வருந்திய அவர், தாயகம் திரும்பி 1866-ஆம் ஆண்டு நியூயார்க்கு நகரில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவினார். அமெரிக்காவில் அவ்வகைச் சங்கங்களுள் முதலாவது அதுவே. அந்நாளில் அந்நகரத்தில் திரிந்த நாய்களைப் பட்டியில் அடைத்து, பின்னர் இரும்புக் கூட்டில் இட்டு ஆற்றில் அமிழ்த்திக் கொன்றனர். பிலடெல்பியா நகரிலும் நாய்பிடிப்போர் செய்த கொடுமை அளவற்றது. அங்கே கரோலைன் எர்ல் வைட் என்னும் பெண்மணியின் தலைமையில் மகளிர் சிலர் 1869-இல் ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்து, நாய்களுக்கென ஒரு காப்பகம் ஏற்படுத்தினர். உரியவர் கிடைத்தால் ஒப்படைப்பது, புதிய வீடு கிடைத்தால் கொடுப்பது, இரண்டும் இல்லையேல் வலியில்லாமல் உயிரைப் போக்குவது என்பது அவர்கள் கொண்ட முறை. தடியால் அடித்துக் கொன்ற காலத்தில் அது பெரிய முன்னேற்றமே.

நியூயார்க்கு நகரத்து நாய்ப்பட்டியை நடத்தும் பொறுப்பைப் பெர்க் உயிரோடிருந்தவரை அவருடைய சங்கம் ஏற்கவில்லை. அவர் 1888-இல் மறைந்தார். 1894-இல் சங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. ஏற்றவர்களின் எண்ணம் நல்லதே: கல்நெஞ்சர் கையில் இருப்பதைவிட இரக்கமுள்ளவர் கையில் இருப்பது மேல் அன்றோ? ஆயினும் நடந்தது வேறு. விலங்குகளைக் காக்கப் பிறந்த சங்கம், அடுத்த நூறாண்டுகளில் அந்நகரத்தில் மிகுதியான நாய்களையும் பூனைகளையும் கொல்லும் நிலையமாக மாறிவிட்டது. பிற நகரங்களிலும் இதே வழி பின்பற்றப்பட்டது. 1994-ஆம் ஆண்டின் இறுதியில்தான் அச்சங்கம் அப்பொறுப்பிலிருந்து விலகியது.

இரக்கமுள்ளோர் எவ்வாறு இதைத் தாங்கினர்? ஒரு சொல் அவர்களுக்குத் துணை செய்தது என்று எனக்குத் தோன்றுகிறது. கிரேக்க மொழியில் 'நல்ல சாவு' என்று பொருள்படும் யூதனேசியா என்னும் சொல்லே அது. நாம் அதைக் கருணைக்கொலை என்கிறோம். வண்டி ஏறி முதுகெலும்பு நொறுங்கிய நாய்க்கு, மருந்தால் தீராத நோயில் துடிக்கும் பூனைக்கு, மருத்துவர் ஊசியிட்டுத் துன்பத்தை முடித்தால் அச்சொல் பொருந்தும். அதை மறுப்பவரும் சிலர் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால், உண்டு விளையாடிக்கொண்டிருக்கும் இரண்டு வயது நாயை, கூடு போதவில்லை என்பதற்காகக் கொன்றுவிட்டு அதற்கும் அதே பெயரை இட்டால், கருணை என்னும் சொல்லுக்கு நாம் செய்த கொடுமை சிறிதன்று. கொலையைச் செய்தவரும் அதனால் நிம்மதி அடைந்ததாகத் தெரியவில்லை. காலையில் உணவூட்டிய கையாலேயே மாலையில் ஊசியேற்ற வேண்டிய ஊழியர் பட்ட மனநோவைப் பற்றி மருத்துவ அறிஞர்கள் தனியே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பொதுமக்கள் வாயிலில் விட்டுச் சென்ற சுமையை அவர்கள் உள்ளே சுமந்தார்கள்.

இந்நிலை மாறத் தொடங்கிய வரலாற்றில் ஒரு கிழநாயின் வழக்குக்கு இடமுண்டு. சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் வாழ்ந்த ஒரு பெண்மணி 1979-ஆம் ஆண்டு இறந்தார். அவர் சைடோ என்னும் பெண் நாயை வளர்த்துவந்தார். தாம் இறந்தபின் அதை நோவின்றிக் கொன்றுவிட வேண்டுமென்று தம் உயிலில் எழுதிவைத்திருந்தார். நாய்மீது வெறுப்பினால் அவர் அவ்வாறு எழுதவில்லை. தமக்குப் பிறகு அதனை அன்பாகப் பேணுவார் இரார் என்னும் அச்சமே காரணம். அவ்வூர் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்திடம் நாய் வந்து சேர்ந்தது. சங்கத்தின் தலைவராக இருந்தவர் ரிச்சர்டு அவன்சினோ. உயிலை நிறைவேற்ற வேண்டியவர் நாயைக் கேட்டார். "தர மாட்டோம்" என்று அவன்சினோ மறுத்துவிட்டார்.

சட்டப்படி பார்த்தால் நாய் ஓர் உடைமை. நாற்காலியை எரித்துவிடச் சொல்லி ஒருவர் எழுதிவைத்தால் எரித்துவிட வேண்டியதுதானே? ஆனால் நாற்காலி வாலாட்டுவதில்லை. வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்றது. செய்தி நாடெங்கும் பரவியது. சைடோவைத் தாமே வளர்ப்பதாகப் பலர் முன்வந்தனர். கலிபோர்னியா மாநிலச் சட்டமன்றம் அந்நாயைக் காப்பதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது, ஆளுநர் ஒப்பமிட்டார். 1980-ஆம் ஆண்டு நீதிபதியும் நாயின் பக்கமே தீர்ப்பளித்தார். தன் வீடு இனி அவன்சினோவின் வீடே என்று சைடோ அங்கேயே தங்கித் தன் எஞ்சிய நாட்களைக் கழித்தது.

இவ்வழக்கில் நான் காணும் கருத்து ஒன்று உண்டு. அந்தப் பெண்மணியின் அச்சமும் காப்பகங்களின் வழக்கமும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. "இதற்கு வேறு வீடு கிடைக்காது, ஆதலால் சாவே நன்று" என்பதே அந்த வேர். வீடு கிடைக்குமா என்று தேடிப் பார்த்த பின் பிறந்த முடிவன்று அது. தேடாமலே கொண்ட முடிவு. சைடோவுக்கு வீடு கிடைத்தது. அப்படியானால் அதே நாளில் பெயர் தெரியாமல் மாண்ட பிற நாய்களுக்குக் கிடைத்திராதா?

அவன்சினோ இக்கேள்வியை விடவில்லை. நகராட்சிக்காக நாய் பிடித்துக் கொல்லும் வேலையை அவருடைய சங்கம் 1989-இல் நகராட்சியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது. அதன்பின் 1994-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் நகராட்சிக் காப்பகத்தோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. நகராட்சிக் காப்பகத்தில் வளர்ப்புக்கு ஏற்ற நாயோ பூனையோ இருந்து, அதற்கு அவர்களால் வீடு தேடிக் கொடுக்க இயலாவிட்டால், அதைச் சங்கம் ஏற்றுக்கொள்ளும் என்பதே அவ்வுடன்படிக்கை. எத்தனை வந்தாலும் ஏற்கும். பெரிய நகரம் ஒன்றில் நலமுள்ள நாயும் பூனையும் இடமில்லை என்னும் காரணத்தால் சாகவேண்டியதில்லை என்று உறுதி கூறப்பட்டது அதுவே முதன்முறை.

உறுதிமொழி கொடுப்பது எளிது. அதற்குரிய வேலையோ பெரிது. அவ்வேலையின் நுட்பம் மாணவர்கள் அறியத்தக்கது. இதில் மந்திரம் ஒன்றுமில்லை. ஒரு தொட்டியில் நீர் நிரம்பி வழிந்தால் என்ன செய்வோம்? வரும் நீரைக் குறைப்போம். போகும் வழியை அகலமாக்குவோம். தொட்டியை உடைப்பவர் எவருமில்லை.

வரவைக் குறைக்கும் வழிகளில் முதன்மையானது கருத்தடை அறுவை. பூனை கருவுற்று இரண்டு திங்களில் ஈனும். அவ்வாறு பிறந்த பெண்குட்டி ஆறு திங்கள் நிரம்புமுன்னரே தானும் கருவுறக்கூடும். இக்கணக்கைப் பெருக்கிப் பார்த்தால், எத்தனை கூடுகள் கட்டினாலும் போதா என்பது விளங்கும். எனவே இலாசு ஏஞ்சல்சு நகராட்சி 1971-ஆம் ஆண்டிலேயே ஏழை மக்களும் பயன்பெறும் வண்ணம் குறைந்த கட்டணத்தில் கருத்தடை அறுவை செய்யும் மருத்துவமனையைத் திறந்தது. பிற ஊர்கள் பின்தொடர்ந்தன. காப்பகத்திலிருந்து வளர்ப்புக்குக் கொடுக்கும் விலங்குகளுக்கு அவ்வறுவையைச் செய்தே கொடுப்பது வழக்கமாயிற்று. ஒருவரிடமும் பழகாத காட்டுப் போக்குடைய பூனைகளைப் பிடித்து, அறுவை செய்து, பிடித்த இடத்திலேயே விட்டுவிடும் முறையும் வந்தது. முன்னர் அவை காப்பகத்துக்கு வந்தால் சாவன்றி வேறு வழியில்லை. மடியில் ஏறி அமராத பூனையை யார் வீட்டுக்கு எடுத்துச் செல்வார்?

வீட்டில் இருக்கும் விலங்கு வெளியேறாமல் பார்த்துக்கொள்வதும் வரவைக் குறைத்தலே. நாய் கதவைப் பிறாண்டுகிறது என்று கொண்டுவருபவருக்கு, அதைப் பழக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தால் பாதிப்பேர் நாயோடு வீடு திரும்புவர். மருந்துக்குப் பணமின்றிக் கைவிட வந்தவருக்கு மருந்து கொடுத்தால் போதும். நாயைக் காப்பது என்பது பலவேளைகளில் நாயை வைத்திருக்கும் ஏழையைக் காப்பதாகவே முடிகிறது.

போகும் வழியை அகலமாக்கியதும் எளிய அறிவினால்தான். காப்பகங்கள் பல ஊருக்கு வெளியே குப்பைமேட்டருகில் இருந்தன. அலுவலக நேரத்தில் மட்டும் திறந்திருந்தன. வேலைக்குச் செல்லும் குடும்பத்தார் எப்பொழுது வருவர்? மாலையிலும் விடுமுறை நாளிலும் திறந்துவைத்தார்கள். கடைத்தெருவுக்கே விலங்குகளைக் கொண்டு சென்று காட்டினார்கள். கூட்டில் இடமில்லாத காலத்தில், தன்னார்வலர் வீடுகளில் சில கிழமைகள் வளர்க்கக் கொடுத்தார்கள். நம் மொழியில் சொன்னால் அவை செவிலித்தாய் வீடுகள். தாயை இழந்த பூனைக்குட்டிக்கு இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, நள்ளிரவிலும், புட்டியில் பாலூட்ட வேண்டும். ஊதியத்துக்கு வேலை பார்க்கும் ஊழியர் இரவெல்லாம் இதைச் செய்ய இயலாது. ஆதலால் காப்பகத்துக்கு வந்த அன்றே அக்குட்டிகளைக் கொன்றுவந்தனர். செவிலித்தாயர் கிடைத்தவுடன் அதே குட்டிகள் பிழைத்தன. டெக்சாசு மாநிலத்தின் ஆஸ்டின் நகரத்தார் பூனைக்குட்டிகளுக்கென்றே பாலூட்டும் இல்லம் ஒன்றை அமைத்து, இரவுமுறை வைத்துத் தன்னார்வலர்களைக் கொண்டு நடத்தினர். அந்நகர மன்றம் 2010-இல் இதற்கெனத் திட்டம் வகுத்தது. மறு ஆண்டே அங்குக் காப்பகத்துக்கு வந்த விலங்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறு உயிரோடு வெளியே சென்றன.

நூற்றுக்குத் தொண்ணூறு என்னும் அளவு பின்னர் நாடெங்கும் பொது அளவாயிற்று. எஞ்சிய பத்து ஏன் என்று கேட்கலாம். தீரா நோயும் தீரா வெறியும் கொண்டவை எப்பொழுதும் சில இருக்கும். அவற்றுக்காகவே அந்த இடம் விடப்பட்டது. நூற்றுக்கு நூறு என்று விளம்பரம் செய்யும் காப்பகத்தை நான் சற்று ஐயத்தோடுதான் பார்ப்பேன். துன்பத்தில் துடிக்கும் உயிரைக் கணக்குக்காக வைத்திருப்பதும் கொடுமையே.

இம்முயற்சியை எதிர்ப்போரும் உளர். அவர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. "கொல்லாக் காப்பகம் என்று பெயர் வைத்துக்கொண்டு, இடமில்லை என்று வாயிலை மூடிவிடுகிறார்கள். மூடிய வாயிலின் முன் நிற்கும் நாய் எங்கே போகும்? அடுத்த ஊர்க் காப்பகத்தில்தானே சாகும்? அல்லது சாலையில் மாயும்" என்பது ஒரு வாதம். "ஆண்டுக்கணக்கில் ஒரே கூட்டில் அடைபட்டு, சுற்றிச் சுற்றி வந்து மனம் திரிந்துபோகும் நாயின் வாழ்வு, சாவைவிட மேலானதா?" என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. கொலை நிறுத்தப்பட்டால் மட்டும் அடைக்கலம் ஆகிவிடாது. கூட்டுக்குள் நுழைந்த விலங்கு விரைவில் ஒரு வீட்டுக்குள் நுழைய வேண்டும். அதற்குரிய வேலையைச் செய்யாமல் ஊசியை மட்டும் கீழே வைப்பவர், ஒரு துன்பத்தை இன்னொரு துன்பமாக மாற்றுகிறார்.

சட்டத்தால் மட்டும் இதைச் சாதிக்க முயன்ற நாடுகளைப் பார்த்தால் இது தெளிவாகும். இத்தாலி 1991-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், தீரா நோயுற்றவை, மிகவும் ஆபத்தானவை ஆகியவற்றைத் தவிர வேறு நாய்களைக் கொல்லக் கூடாது என்று விதித்தது. போற்றத்தக்க சட்டமே. ஆனால் அந்நாட்டின் தென்பகுதியில் கருத்தடை வேலை பின்தங்கியதால், பல காப்பகங்கள் நிரம்பி வழிந்து, நாய்கள் ஆயுள் முழுவதும் அங்கேயே கிடக்க நேர்ந்தது. தைவான் தீவில் 2017-ஆம் ஆண்டு பெப்ருவரி முதல் இத்தகைய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அங்கும் இட நெருக்கடியே முதலில் வந்து நின்ற இடர்.

அமெரிக்காவில் கண்ட பயனைக் கணக்கில் சொல்லலாம். பெர்க் நிறுவிய அதே சங்கத்தின் மதிப்பீட்டின்படி, காப்பகங்களில் கொல்லப்பட்ட நாய்களும் பூனைகளும் 2011-இல் ஏறத்தாழ 26 இலட்சம்; 2019-இல் ஏறத்தாழ 9 இலட்சத்து 20 ஆயிரம். ஒரு கோடி எங்கே, ஒன்பது இலட்சம் எங்கே? ஆயினும் ஒன்பது இலட்சம் சிறிய எண் அன்று.

நம் நாட்டுச் செய்தியையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஏனெனில் இந்த வரலாற்றில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. ருக்மிணிதேவி அருண்டேல் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியின் பயனாக 1960-ஆம் ஆண்டில் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. வியப்பு என்னவெனில், அச்சட்டமே தெருநாய்களைக் கொலைக்கூடத்தில் அழிப்பதை வதை ஆகாது என்று விலக்கி வைத்தது. சென்னை மாநகராட்சி நாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுவந்தது. நாள் ஒன்றுக்கு 135 நாய்கள் வரை மாண்ட காலமும் உண்டு என்று புளூ கிராஸ் சங்கத்தார் கூறுவர். காப்டன் வே. சுந்தரம் 1959-இல் நிறுவிய சங்கம் அது.

மாநகராட்சிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வெறிநாய்க்கடி என்பது விளையாட்டன்று. நோய்க்குறி தோன்றிய பின் அதற்கு மருந்து இல்லை என்றே சொல்லலாம். அதற்கு இரையாவோரில் சிறுவர் மிகுதி. ஆனால் இத்தனை நாய்களைக் கொன்றும் தெருவில் நாயும் குறையவில்லை, நோயும் குறையவில்லை. ஒரு தெருவின் நாய்கள் நீங்கினால், அங்குக் கிடக்கும் எச்சிலை நாடி அடுத்த தெருவின் நாய்கள் வருகின்றன. வந்தவை குட்டி ஈனுகின்றன. இதைக் கண்ட புளூ கிராஸ் சங்கத்தார், சின்னி கிருஷ்ணா முதலியோர், "கொல்ல வேண்டாம், கருத்தடை அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த தெருவிலேயே விடுங்கள்" என்று 1964-ஆம் ஆண்டிலேயே மாநகராட்சியிடம் கூறினர். மாநகராட்சி அதற்கு இசைந்தது 1996-ஆம் ஆண்டில். இடையில் கழிந்தவை 32 ஆண்டுகள். அம்முறையையே இந்திய அரசு 2001-ஆம் ஆண்டில் நாடு முழுமைக்கும் விதியாக்கியது. 2023-இல் அவ்விதிகள் புதுப்பிக்கப்பட்டன. நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டுவந்தால் வெறிநோய் பரவும் தொடர் அறுந்துவிடும் என்று உலகச் சுகாதார நிறுவனமும் கூறுகிறது. வேலை அரைகுறையாக நடக்கும் ஊர்களில் கடிபடும் மக்கள் சினம் கொள்வதும் இயல்பே. தெருநாய்களைக் காப்பகங்களில் அடைப்பதா, மீண்டும் தெருவில் விடுவதா என்னும் வழக்கு 2025-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தபோது, இரு பக்கத்தாரும் கண்ணீரோடுதான் பேசினர். பருந்தின் வழக்குப் பொய் வழக்கு அன்று என்று முன்னே சொன்னேன்.

மிசௌரி மாநிலத்துக் காப்பகம் ஒன்றில் நடைபெறும் ஒரு பணியைப் பற்றிப் படித்தேன். மனிதரைக் கண்டால் அஞ்சிக் கூட்டின் பின்சுவரோடு ஒட்டிக்கொள்ளும் நாயை எவரும் வளர்ப்புக்கு எடுப்பதில்லை. வருவோர் எல்லாரும் ஓடிவந்து வாலாட்டும் நாயையே கேட்பர். ஆதலால் அக்காப்பகத்தார் பள்ளிச் சிறுவர் சிறுமியரை வரவழைத்து, நாயின் அச்சக் குறிகளை அறியும் முறையை முதலில் கற்பிக்கின்றனர். பின்னர் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்துக் கூடுகளின் முன் தரையில் அமர்த்துகின்றனர். சிறுவர் கதையை வாய்விட்டுப் படிக்கின்றனர். நாயை அழைப்பதில்லை, கம்பிக்குள் கை நீட்டுவதுமில்லை. முதலில் நாய் அசைவதில்லை. சில பக்கங்கள் கழிந்தபின் காது நிமிர்கிறது. பின்னும் சிறிது நேரத்தில் எழுந்து, ஓரடி முன்வந்து, மீண்டும் படுத்துக்கொள்கிறது. கம்பியருகே மூக்கை வைக்கும்போது ஒரு தின்பண்டம் கிடைக்கிறது. அதைத் தின்றுவிட்டு அது அங்கேயே இருக்கிறது. சிறுவன் அடுத்த பக்கத்தைத் திருப்புகிறான்.